பால் இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நைட்டியில் மஞ்சளாகப் பிசுபிசுவென்று கறை படிகிறது, ஏழாம் மாதத்திலேயே இப்படி வரலாமா என்று கேட்டிருந்தாய். வரலாம். அது சீம்பால். சிலருக்குப் பிரசவம் வரை ஒரு சொட்டுகூடக் கசியாது, அதுவும் சரிதான். கசிந்தால் துடைத்துக்கொள், பிதுக்கிப் பார்க்காதே.

நாள் தள்ளிப்போன புதிதில் உள்ளாடை பட்டாலே வலிக்கிறது என்றாயே, அப்போதே வேலை தொடங்கிவிட்டது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்து உள்ளே பால் குழாய்களைக் கிளை பிரித்து, நுனியில் பால் சுரக்கும் குட்டிப் பைகளை உண்டாக்குகின்றன. நான்காம் ஐந்தாம் மாதவாக்கில் அவற்றில் சீம்பால் ஊறத் தொடங்கும். காம்பைச் சுற்றிக் குருணை குருணையாகப் புடைத்திருப்பவை எண்ணெய்ச் சுரப்பிகள். அந்த எண்ணெய்தான் தோலைக் காக்கிறது, அங்கே சோப்பு போட்டுத் தேய்க்காதே. மார்பு சிறியதாயிற்றே என்றும் கலங்காதே. பார்வைக்குத் தெரியும் அளவு பெரும்பாலும் கொழுப்பு.

சரி, இவ்வளவு தயாராக இருந்தும் ஏன் இப்போதே பால் பெருகவில்லை? பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் உன் ரத்தத்தில் இப்போதே நிறைய இருக்கிறது. நஞ்சிலிருந்து, அதாவது நஞ்சுக்கொடியிலிருந்து, வரும் புரோஜெஸ்ட்ரோன்தான் அதைத் தடுத்து வைத்திருக்கிறது. பிள்ளை பிறந்து, நஞ்சும் வெளியே வந்த பிறகே அந்தத் தடை விலகும். அப்புறமும் மார்பு கனத்துப் பால் இறங்க இரண்டு மூன்று நாள் ஆகும். சிசேரியனானாலோ சர்க்கரை இருந்தாலோ இன்னும் கொஞ்சம் தள்ளிப்போகலாம். நான்காம் நாளும் இறங்காவிட்டால் டாக்டரிடம் சொல். நஞ்சின் துண்டு உள்ளே தங்கியிருந்தாலும் அப்படி ஆகும்.

அந்த இரண்டு மூன்று நாளை நினைத்துத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். "பாலே இல்ல, புள்ள பசியில கத்துது" என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். நாக்கில் தேனோ சர்க்கரையோ தொட்டுச் சேனை வைக்க வருவார்கள், சர்க்கரைத் தண்ணீர் கலக்குவார்கள், சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்வார்கள். எதற்கும் தலையாட்டாதே. ஒரு வேளைக்கு ஒரு டீஸ்பூன்தான் வரும், முதல் நாள் பிள்ளையின் வயிற்றுக்கு அது போதும். நோயை எதிர்க்கும் சத்து செறிந்திருப்பது அதில்தான். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடச் சொல்லிக் கேள், அழும்வரை காத்திராமல் அடிக்கடி கொடு. பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும்.

சேனை விஷயத்தில் பெரியம்மா விடமாட்டார். அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா