உன் சிறுகுடலைப் பற்றிக் கொஞ்சம்

அன்புள்ள யாழினிக்கு,

உனக்குச் சீலியாக் நோய், அதாவது கோதுமையிலுள்ள குளூட்டன் புரதத்தால் சிறுகுடல் கெடுகிற நோய் என்று சொல்லி நீ அனுப்பிய பயாப்சி (குடலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) அறிக்கையை அச்செடுத்து, பென்சிலால் கோடு போட்டுப் படித்துவிட்டேன். இதை வாட்ஸ்அப்பில் எழுதினால் உன் தம்பி உள்ளே புகுந்து "அம்மா கிளாஸ் எடுக்க ஆரம்பிச்சிட்டாங்க" என்று சிரிப்புப் படம் போடுவான். அதனால்தான் தனியாக மின்னஞ்சல். கிளாஸ்தான் எடுக்கப்போகிறேன், பொறுத்துக்கொள். உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவளிடம் "நான் சாப்பிடறதெல்லாம் எங்கேம்மா போகுது?" என்று கேட்டால் வேறு என்ன கிடைக்கும்?

முதலில் நல்ல செய்தி. உணவுக்குழாய் இயல்பு, இரைப்பை இயல்பு என்று எழுதியிருக்கிறார்கள். உணவுக்குழாய்க்கு இருப்பது ஒரே வேலை, கீழே தள்ளுவது. அதனால் அதன் உட்புறம் பல அடுக்கு செல்களால் தடிமனாக இருக்கிறது. உரசினாலும் தேய்ந்துபோகாது, எதையும் உறிஞ்சவும் செய்யாது. இரைப்பை கடைந்து கூழாக்குகிற இடம். குடலின் மற்ற பகுதிகளில் தசை இரண்டு அடுக்கு, இங்கே சாய்வாக ஓடும் மூன்றாவது அடுக்கும் உண்டு. உள்ளே அமிலம், அந்த அமிலம் தன் சுவரையே அரித்துவிடாமலிருக்க ஒரு சளிப்படலம். இவை இரண்டுமே உன் உடம்பில் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்கின்றன. இதில் உனக்குக் கவலை வேண்டாம்.

கோளாறு அதற்கு அடுத்த இடத்தில். "குடலுறிஞ்சிகள் பெருமளவு மழுங்கியுள்ளன, மார்ஷ் 3பி" என்ற வரிக்குத்தான் இரண்டு கோடு போட்டேன். மார்ஷ் என்பது இந்தச் சேதம் எவ்வளவு என்று சொல்லும் படிநிலை.

சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம், இரண்டரை சென்டிமீட்டர் அகலம். உள்ளே மழமழவென்று வெறும் குழாயாக இருந்தால் அதன் பரப்பு அரை சதுர மீட்டர்கூடத் தேறாது. நீயே கணக்குப் போட்டுப் பார். அந்த அரை மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் உயிர் வாழ முடியாது. அதனால் சுவர் முதலில் மடிப்பு மடிப்பாக மடிகிறது. ஒவ்வொரு மடிப்பின் மேலும் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் விரல் மாதிரி குடலுறிஞ்சிகள் நெருக்கமாக நிற்கின்றன. ஒவ்வொரு உறிஞ்சியையும் மூடியிருக்கும் ஒவ்வொரு செல்லின் தலையிலும், நுண்ணோக்கியில் மட்டுமே தெரிகிற ஆயிரக்கணக்கான நுண்ணுறிஞ்சிகள். பழைய புத்தகங்களில் இதையெல்லாம் விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் என்று போட்டிருக்கும். 2014இல் சுவீடன் ஆய்வாளர்கள் இருவர் கவனமாக அளந்து, முழு உணவுப்பாதையும் சேர்ந்தே சுமார் 32 சதுர மீட்டர்தான், அதாவது பாதி பூப்பந்து மைதானத்துக்கும் குறைவு என்றார்கள். டென்னிஸிலிருந்து பூப்பந்துக்கு இறங்கியதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அரை மீட்டரோடு ஒப்பிட்டால் அதுவும் பிரமாதம்தான்.

தேர்வில் பிள்ளைகள் "பரப்பளவைக் கூட்டுகிறது" என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். பாதி மதிப்பெண்தான் போடுவேன். பரப்பு மட்டும் இருந்து என்ன பயன்? உறிஞ்சியின் மேலே ஒரே ஒரு வரிசை செல்தான் இருக்கிறது. சத்து உள்ளே போக வேண்டிய தூரம் அவ்வளவு குறைவு. அந்த வரிசைக்கு அடியிலேயே ரத்த நுண்குழாய்களின் வலை. சர்க்கரையும் புரதத்தின் துணுக்குகளும் அதில் ஏறி நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. ஒவ்வொரு உறிஞ்சியின் நடுவிலும் நிணநீர்க் குழாய் ஒன்று உண்டு, பெரும்பாலான கொழுப்புக்கு அதுதான் வழி. பரப்பு, மெல்லிய சுவர், பக்கத்திலேயே வாகனம், மூன்றும் சேர்ந்தால்தான் உறிஞ்சுதல். பெருங்குடலைப் பார், அதில் உறிஞ்சிகளே கிடையாது. மிச்சத் தண்ணீரையும் உப்பையும் எடுப்பதுதான் அங்கே முக்கிய வேலை, அதற்குத் தட்டையான சுவரே போதும்.

இப்போது உன் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள். இரும்புச்சத்து பாதாளத்தில் இருக்கிறது, பி12 மட்டும் சரியாக இருக்கிறது. மெல்பர்னில் உன்னை முதலில் பார்த்த டாக்டர் மன அழுத்தம் என்றும், வேலையைக் குறைத்துக்கொள் என்றும் சொன்னாரே, இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்திருந்தால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். இரும்பு பெரும்பாலும் சிறுகுடலின் ஆரம்பத்திலேயே, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளமுள்ள முன்சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது. பி12 அப்படியில்லை, அது சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் உள்ளே போகும். சீலியாக் நோய் முதலில் கைவைப்பது மேல் பகுதியில். இரும்பு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கியும் ஏறாததற்குக் காரணம் மாத்திரை இல்லை, அதை வாங்கி உள்ளே விடவேண்டிய இடம்.

பால் டீ குடித்தால் வயிறு உப்புகிறது என்று தீபாவளிக்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாய். அதுவும் இதே கதைதான். பால் சர்க்கரையை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி, உறிஞ்சியின் மேல்பகுதியில் முதிர்ந்த செல்களின் தலையில் இருக்கிறது. உறிஞ்சி மழுங்கினால் முதலில் போவது அதுதான். உறிஞ்சிகள் திரும்ப வளர்ந்தால் பெரும்பாலும் அதுவும் திரும்பும் என்கிறார்கள். அதுவரை டீயில் லாக்டோஸ் இல்லாத பாலை ஊற்றிக்கொள். ஆனால் இரும்பு மாத்திரையை டீயோடு மட்டும் போடாதே, டீ இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆரஞ்சுச் சாற்றோடு போடு.

சரி, கோதுமை என்ன செய்கிறது? அதிலுள்ள குளூட்டன் புரதத்தை நம் நொதிகளால் முழுக்க வெட்ட முடிவதில்லை, யாருடைய வயிற்றிலும். நீளமான துணுக்குகள் மிஞ்சுகின்றன. மற்றவர்களுக்கு அவை சும்மா வெளியே போய்விடும். உன்னைப் போன்ற மரபணு அமைப்புள்ள சிலருக்கு, நோய் எதிர்ப்புச் செல்கள் அந்தத் துணுக்கைப் பகைவனாக நினைத்துக் கிளம்புகின்றன. அடி விழுவதோ உறிஞ்சியின் மேல். இதை மனதில் வைத்துக்கொள்: இது கோதுமை ஒவ்வாமை இல்லை, கோதுமை வயிற்றை அரிக்கவும் இல்லை. உன் உடம்பே உன் குடல் சுவரைத் தாக்குகிறது, குளூட்டன் வந்துகொண்டிருக்கும்வரை.

கோதுமைதான் இந்த நோயைக் கிளப்புகிறது என்று கண்டுபிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் காரெல் டிக்கே. போருக்கு முன்பே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் அங்கே பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனது. ஊரே பட்டினியில் மெலிய, இந்த நோயுள்ள பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950இல் அதையே முனைவர் பட்ட ஆய்வாக எழுதினார். உறிஞ்சிகள் மழுங்குவதை மற்றவர்கள் பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நீ அழுதுகொண்டே கேட்ட கேள்விக்கு வருகிறேன். திரும்ப வளருமா? வளரும். உறிஞ்சிகளின் அடியில் குழிகள் இருக்கின்றன, அவற்றில் ஓயாமல் புதுச் செல்கள் பிறக்கின்றன. பிறந்த செல் மேலே ஏறி, நுனிக்குப் போய் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்துவிடுகிறது. உன் பயாப்சியில் அந்தக் குழிகள் ஆழமாகியிருக்கின்றன என்று எழுதியிருப்பதைப் பார்த்து நீ பயந்தாய். அது உன் குடல் ஈடுகொடுக்க முயல்வதன் அடையாளம். தாக்குதல் நின்றால் உறிஞ்சி எழும்பும். ஆனால் பெரியவர்களுக்கு முழுக்க எழும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு இரண்டு வருடத்துக்கு மேலும் ஆகலாம். உடம்பு தெம்பானதை வைத்துக் குடல் ஆறிவிட்டது என்று கணக்குப் போடாதே, சிலருக்குத் தெம்பு வாரக்கணக்கில் திரும்பிவிடும்.

உன் பெரிய மாமியார் "ஒரு வாய் சப்பாத்தியில என்ன ஆகிடப்போகுது" என்றாராமே. பெரியவர், எதிர்த்துப் பேசாதே. ஆனால் மாப்பிள்ளையிடம் இந்தக் கணக்கைக் காட்டு. தினமும் வெறும் 50 மில்லிகிராம் குளூட்டனை மூன்று மாதம் கொடுத்ததில் உறிஞ்சிகள் கெட்டதாக 2007இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வு சொல்கிறது. ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் இருக்கும். அதை நாற்பதாக வெட்டினால் ஒரு பங்கு. ரொட்டி சுடுகிற டோஸ்டரின் அடியில் கிடக்கிற தூளே அந்த அளவு தேறும். உனக்குத் தனி டோஸ்டர் வாங்கச் சொல்.

நீ மெல்பர்னில் இருப்பது ஒரு விதத்தில் நல்லது. ஆஸ்திரேலியாவில் குளூட்டன் இல்லாதது என்று அச்சடிக்க வேண்டுமென்றால், கண்டறியக்கூடிய அளவுக்குக்கூட அது இருக்கக் கூடாது. ஐரோப்பாவில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை விடுகிறார்கள். இங்கே சிங்கப்பூரிலும் பொட்டலத்தில் குளூட்டன் உள்ள தானியம் இருந்தால் எழுதியே ஆகவேண்டும். ஆனால் நீ இங்கே வந்தால் பொட்டலமா பிரித்துச் சாப்பிடப்போகிறாய்? நேராக உணவங்காடிக்குத்தான் ஓடுவாய்.

அங்கேதான் பிரச்சினை. பரோட்டா, மீ கோரெங் (கோதுமை நூடுல்ஸ் வறுவல்) எல்லாம் கிடையாது என்பது உனக்கே தெரியும். குவே தியாவ் என்ற தட்டை நூடுல்ஸ் அரிசியில் செய்ததுதானே என்று நினைப்பாய், ஆனால் அதில் ஊற்றுகிற சோயா சாஸ் பெரும்பாலும் கோதுமை சேர்த்துக் காய்ச்சியது, வாணலியும் மஞ்சள் மீ போட்ட அதே வாணலி. கோழிச் சோற்றிலும் அந்தக் கறுப்பு சாஸ்தான். சூட்டைத் தணிக்கும் என்று சின்ன வயதிலிருந்து குடிக்கிறாயே பார்லித் தண்ணீர், அதையும் விடவேண்டும், பார்லியிலும் இதே ஜாதிப் புரதம் உண்டு. மைலோவிலும் ஹார்லிக்ஸிலும் பார்லி மால்ட் இருக்கிறது.

நம் வீட்டுச் சாப்பாடு பரவாயில்லை. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், கேழ்வரகுக் கூழ், எல்லாம் உனக்கு ஆகும். எனக்கே ஆச்சரியமாக இருந்தது பெருங்காயத்தூள். பல பிராண்டுகளில் அது கோதுமை மாவு கலந்து வருகிறது. சாம்பார், ரசம், முறுக்கு, ஊறுகாய் என்று ஒன்றுவிடாமல் போடுகிறோமே! இங்கே தேக்கா சந்தையில் அலைந்து அரிசி மாவு கலந்த டப்பா ஒன்று கண்டுபிடித்துவிட்டேன். பழையதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தாயிற்று. மிளகாய்த்தூளையும் கடலை மாவையும் மில்லில் அரைக்கக் கொடுப்பதில்லை, அதே இயந்திரத்தில் கோதுமையும் அரைக்கிறார்கள். சப்பாத்தி போட்ட கல்லில் உனக்குத் தோசை வார்க்க மாட்டேன், புதுக் கல் வாங்கிப் பழக்கிக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம் எங்களைப் பற்றி. பெற்றோர், கூடப்பிறந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்பதால் உன் டாக்டர் சொன்னது சரி. நானும் அப்பாவும் அடுத்த வாரம் பலதுறை மருந்தகத்தில் ரத்தப் பரிசோதனையைப் பற்றிக் கேட்கப்போகிறோம். அதற்கு முன் கோதுமையை நிறுத்திவிடக் கூடாது, நிறுத்தினால் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம். உன் தம்பியிடம் இதைச் சொன்னதும் "அப்போ பரோட்டா மருத்துவக் காரணம்தானே" என்று காலையில் மூன்று சாப்பிட்டுவிட்டு வந்தான்.

டிசம்பரில் வருவதற்குச் சீட்டுப் போட்டதும் விமானத்தில் குளூட்டன் இல்லாத சாப்பாட்டையும் சேர்த்துப் பதிந்துவிடு, கடைசி நேரத்தில் கேட்டால் தரமாட்டார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் எண்ணையும், சீலியாக் எதிர்ப்பொருளைக் காட்டும் டிடிஜி எண்ணையும் எனக்கு அனுப்பு. முழுத் தாளையும் அனுப்பு, ஒரு பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்பாதே. மாப்பிள்ளைக்கு இட்லி அரிசி எது என்று தெரியவில்லையாம், படம் எடுத்து இன்று ராத்திரியே அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா