371 சிம்பொனிகள் எழுதியவர்

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசானது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் கோயம்புத்தூருக்கே மாற்றலாகி வந்துவிட்டான். பேத்தி எங்களோடு இருப்பதால் வீட்டில் சத்தத்துக்குக் குறைவில்லை. அவள் தூங்கிய பிறகுதான் நான் பாட்டுக் கேட்க உட்கார முடிகிறது.

இப்போதெல்லாம் என்ன கேட்கிறாய் என்று எழுதியிருந்தாய். கொஞ்ச காலமாக ஒரே மனிதரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பின்லாந்துக்காரர், லெய்ஃப் செகெர்ஸ்டாம். ஆர்க்கெஸ்ட்ரா நடத்துநர், இசையமைப்பாளர். 2024 அக்டோபர் 9 அன்று, 80 வயதில் ஹெல்சிங்கியில் காலமானார். புகைப்படத்தைப் பார்த்தால் மறக்க மாட்டாய். மார்பில் புரளும் வெள்ளைத் தாடி, பெரிய உடம்பு, அந்தக் காலத்து ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸே எழுந்து வந்து நிற்பதுபோல் இருப்பார்.

பிறந்தது 1944இல், மேற்குக் கடற்கரையில் உள்ள வாசா என்ற ஊரில். வீட்டில் பேசியது ஸ்வீடிஷ். சின்ன வயதிலேயே குடும்பம் ஹெல்சிங்கிக்கு வந்துவிட்டது. அங்கே சிபெலியஸ் அகாடமியில் வயலின், பியானோ, ஆர்க்கெஸ்ட்ரா நடத்துதல் எல்லாவற்றையும் படித்தார். 1962இல் மாய் லிண்ட் பியானோப் போட்டியில் முதல் பரிசு. பிறகு நியூயார்க்கில் ஜூலியர்ட் இசைப்பள்ளி. அதன்பின் பதவிகள் வரிசையாக வந்தன: ஸ்டாக்ஹோம் அரச ஓபரா, வியன்னாவில் ஆஸ்திரிய வானொலி ஆர்க்கெஸ்ட்ரா, பின்லாந்து வானொலி, டென்மார்க் வானொலி, 1995 முதல் 2007 வரை ஹெல்சிங்கி ஃபில்ஹார்மோனிக், கடைசியாக பின்லாந்தின் துர்க்கு நகர ஆர்க்கெஸ்ட்ரா. இந்தப் பட்டியலை இதோடு விடுகிறேன். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு.

அவர் 371 சிம்பொனிகள் எழுதினார்.

ஹைடன் எழுதியவை நூற்றுச் சொச்சம். மொசார்ட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் எண் 41. பீத்தோவன் ஒன்பது. அப்புறம் சிபெலியஸை எடுத்துக்கொள். பின்லாந்தில் எந்த இசையமைப்பாளரும் அவர் நிழலைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். அவர் ஏழு சிம்பொனிகள் வெளியிட்டார். ஏழாவது 1924இல் முடிந்தது, 1926இல் 'தாப்பியோலா' என்ற ஆர்க்கெஸ்ட்ராப் படைப்பு வந்தது. அதற்குப் பிறகு 1957இல் சாகும்வரை பெரிய படைப்பு எதுவும் வெளியே வரவில்லை. எட்டாவது சிம்பொனியை எதிர்பார்த்து உலகமே காத்திருந்தது. 1940களில் அவர் தன் ஐனோலா வீட்டிலேயே கையெழுத்துத் தாள்களை எரித்துவிட்டார். தான் எழுதிய ஏழுக்குக் கீழே ஒன்று இறங்கிவிடக் கூடாது என்ற பயம் அவரைத் தின்றுவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

செகெர்ஸ்டாம் அந்த ஏழு சிம்பொனிகளையும் வாழ்நாள் முழுக்க நடத்தினார். டென்மார்க் ஆர்க்கெஸ்ட்ராவோடு ஒரு முறையும் ஹெல்சிங்கியோடு ஒரு முறையும் முழுசாகப் பதிவு செய்தார். அந்த இசையை நரம்பு நரம்பாக அறிந்தவர், அந்த மௌனத்தின் கதையையும் அறிந்தவர், தன் மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் எழுதித் தள்ளியிருக்கிறார்! 1970களின் பிற்பகுதியில் தொடங்கியதைச் சாகும்வரை நிறுத்தவில்லை. சராசரியாக வருஷத்துக்கு ஏழு எட்டு வருகிறது.

எண்ணிக்கையை மட்டும் சொன்னால் அது வேடிக்கைச் செய்தியாகப் போய்விடும். பத்திரிகைகள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதின. என்னைப் பிடித்து உட்கார வைத்தது அவர் எழுதிய முறை. அந்த சிம்பொனிகளில் பெரும்பாலானவற்றுக்கு நடத்துநரே கிடையாது. பகுதி பகுதியாகப் பிரிக்காத ஒரே ஓட்டம், ஏறத்தாழ இருபது நிமிடம். முழு ஆர்க்கெஸ்ட்ரா மேடையில் இருக்கும், கோல் பிடித்து நிற்க ஆள் இருக்காது. என்ன சுரம் என்பதை எழுதிவிடுகிறார். எந்தக் கணத்தில், எவ்வளவு வேகத்தில் என்பதை வாசிப்பவர்களிடம் விட்டுவிடுகிறார். ஒரு பகுதியை யாராவது தொடங்கி வைப்பார்கள், அதைக் கேட்டு அடுத்தவர் நுழைவார், அவரைப் பார்த்து இன்னொரு வரிசை எழும். நம் கச்சேரியில் பாடகர் அடுத்து எங்கே போகிறார் என்று மிருதங்கக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாரே, எழுபது எண்பது பேர் அப்படி இருப்பதாக நினைத்துக்கொள். செகெர்ஸ்டாமும் பல சமயம் உள்ளேயே ஒரு பியானோவில் உட்கார்ந்து அவர்களில் ஒருவராக வாசித்தார்.

நாற்பது ஐம்பது வருஷம் மேடை நடுவில் நின்று, கை அசைத்தால் எண்பது பேர் அசையும்படி வாழ்ந்தவர், தன் சொந்த இசையில் அந்த இடத்தைக் காலியாக விட்டார். ஆர்க்கெஸ்ட்ராவில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் தேர்ந்த கலைஞர்கள், ஒருவரையொருவர் கேட்கத் தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கை இல்லாமல் இப்படி எழுத முடியாது. அந்த நம்பிக்கை நடத்துநரின் இடத்தில் நின்றதால்தான் அவருக்குக் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எல்லாம் உன்னதம் என்று சொல்ல மாட்டேன். நான் கேட்டவற்றில் சில ஒன்றுபோலவே இருக்கின்றன. மணிகள், தாள வாத்தியங்கள், பித்தளைக் குழல்கள் எல்லாம் அடுக்கடுக்காகக் குவிந்து, எங்கே பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் காது களைத்துவிடும். ஆனால் நன்றாக அமைந்த இடங்களில், அந்தக் குவியலுக்குள்ளிருந்து ஒரு வயலின் மட்டும் அவசரமே இல்லாமல் நீண்டு வரும். அப்போது எழுந்து போக மனசு வராது.

கதிரேசா, உன் கடிதத்தின் கடைசிப் பக்கத்துக்கு வருகிறேன். கவிதை எழுதுவதை நிறுத்திவிட்டேன், இனி யார் படிக்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு ரொம்ப வருத்தமாக இருந்தது. செகெர்ஸ்டாமை நினைத்துப் பார். ஒரு புதிய படைப்பை மேடையேற்ற எத்தனை ஒத்திகை வேண்டும், எவ்வளவு பணம் ஆகும், எத்தனை நிர்வாகிகள் தயங்குவார்கள் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? அந்த மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தவர் அவர். 371இல் ஏராளமானவை தன் காலத்தில் ஒலிக்காது என்று நன்றாகத் தெரிந்தேதான் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்று. கேட்க ஆளில்லாமல் போன மற்றவர்களின் இசையையும் அவர் தேடி எடுத்து வாசிக்க வைத்தார். டென்மார்க்கில் ரூயெட் லாங்கோர் என்று ஒருவர் இருந்தார். 1913இல், இன்னும் இருபது வயதுகூட நிரம்பாதபோது, அவருடைய முதல் சிம்பொனியை பெர்லின் ஃபில்ஹார்மோனிக் வாசித்தது. பிறகு சொந்த நாடு அவரை ஒதுக்கிவிட்டது. ரீபெ என்ற சிறு ஊரின் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தபடி, 1952இல் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். 16 சிம்பொனிகள். கோபன்ஹேகனில் இருந்த காலத்தில் செகெர்ஸ்டாம் அவருடைய இசையைப் பதிவு செய்தார். ஸ்வீடனின் ஆலன் பெட்டர்சனையும் அப்படித்தான். வறுமையில் வளர்ந்து, மூட்டுவாதத்தில் கை முடங்கிய இசையமைப்பாளர் அவர். லாங்கோர் சலித்துப்போய் நிறுத்தியிருந்தால் செகெர்ஸ்டாம் எதை எடுத்து வாசிக்க வைத்திருப்பார்? உன் நோட்டுகளை நினைத்துத்தான் கேட்கிறேன்.

1997 முதல் 2013 வரை அவர் சிபெலியஸ் அகாடமியில் நடத்துநர் வகுப்பின் பேராசிரியர். அவருக்கு முன் அந்த வகுப்பைப் பெயர்பெறச் செய்தவர் யோர்மா பனுலா. சுமார் 55 லட்சம் பேர் மட்டுமே உள்ள நாட்டிலிருந்து உலகத்துக்கு இத்தனை நடத்துநர்கள் வருவதற்கு அந்த வகுப்புதான் பெரிய காரணம். சுசன்னா மால்க்கி, சான்ட்டு-மத்தியாஸ் ரோவாலி, டாலியா ஸ்டசெவ்ஸ்கா மூவரும் செகெர்ஸ்டாமிடம் பயின்றவர்கள். அவர் நடத்திய அதே ஹெல்சிங்கி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு 2016இல் மால்க்கி தலைமை நடத்துநரானார்.

சரி, நீ எங்கிருந்து தொடங்குவது என்றும் சொல்லிவிடுகிறேன். முதலில் அவருடைய சொந்த சிம்பொனிக்குப் போகாதே, மிரண்டுவிடுவாய். பின்லாந்தின் இன்னொரு இசையமைப்பாளர் எய்னோயுஹானி ரௌட்டவாராவின் ஏழாவது சிம்பொனி, 'ஒளியின் தேவதை' என்று பெயர். 1994இல் எழுதியது. ஹெல்சிங்கி ஃபில்ஹார்மோனிக்கோடு செகெர்ஸ்டாம் செய்த பதிவைத் தேடி எடு. அவர் எதையும் அவசரப்படுத்த மாட்டார், ஒவ்வொரு வாத்தியமும் மூச்சு விட இடம் கொடுப்பார். அடுத்து சிபெலியஸின் நாலாவது. அதற்கப்புறம் செகெர்ஸ்டாமுடையது ஏதாவது ஒன்று, எந்த எண்ணாக இருந்தாலும் சரி.

தை மாதக் கடைசியில் மருமகள் தம்பி கல்யாணத்துக்கு மதுரை வருகிறேன். இரண்டு நாள் உன் வீட்டில்தான் தங்கப்போகிறேன், தங்கச்சியிடம் சொல்லிவிடு. ஹெட்போனை நான் கொண்டுவருகிறேன். நீ பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி வை, ஒன்று விடாமல் படிக்க வேண்டும். பதில் போடு.

அன்புடன்,
சுந்தரம்