நாளைய ஆன்டிலோப் கேன்யன் பயணம்: கேமரா வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, ஆன்டிலோப் கேன்யன் அமெரிக்காவின் அரிசோனாவில், நவஹோ பழங்குடியினரின் நிலத்தில் இருக்கும் குறுகிய பாறைப் பள்ளத்தாக்கு. நவஹோ வழிகாட்டியோடுதான் உள்ளே விடுவார்கள். ட்ரைபாட், செல்ஃபி ஸ்டிக், பை எதற்கும் அனுமதி இல்லை; கேட்டுப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே வெளிச்சம் குறைவு; ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) 1600, 3200 என்று தயங்காமல் ஏற்றுங்கள். ஷட்டர் வேகம் 1/60 நொடியைவிட மெதுவானால் கை ஆட்டம் தெரியும். வானத்துண்டு ஃப்ரேமுக்குள் வந்தால் வெள்ளையாக வெளுத்துவிடும், தவிர்த்துவிடுங்கள். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலையை) 'கிளவுடி'யில் வையுங்கள். ஆட்டோவில் விட்டால் பாறையின் ஆரஞ்சு செத்துவிடும்.

உள்ளே லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். மேலிருந்து மாவு மாதிரி மணல் உதிரும். போன தடவை என் ஜூம் வளையம் வீடு திரும்பும்வரை நறநறவென்றது.

அப்புறம், செல்போன் நேரத்தை நம்பாதீர்கள். கோடையில் நவஹோ நிலத்தின் கடிகாரம் பக்கத்திலுள்ள பேஜ் ஊரைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடும். நமக்குப் பேஜ் நேரம்தான் கணக்கு.