ஸ்பீக்கர் வாங்க முன் சீலிங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டு ஹோலைச் சிறு தியேட்டராக மாற்றுவது பற்றித் தங்கள் வீடமைப்புப் பக்கத்தில் வந்த குறிப்பைப் பார்த்தோம். எல்லா ஸ்பீக்கர்களையும் சீலிங்கிலேயே பதித்துவிட்டால் இடமும் மிச்சம், வயரும் கண்ணுக்குத் தெரியாது என்று அதில் இருந்தது. இடம் மிச்சம் என்பது உண்மைதான். ஆனால் அப்படிச் செய்தால் கதாநாயகன் பேசுவதும் மழை பெய்வதும் ஒரே இடத்திலிருந்து, தலைக்கு மேலிருந்து கேட்கும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் இந்த வேலை செய்பவர்கள் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

தலைக்கு மேலிருந்தும் சத்தம் வரச் செய்யும் டொல்பி அட்மோஸ் முறை தியேட்டர்களுக்கு 2012 இலும் வீடுகளுக்கு 2014 இலும் வந்தது. பெட்டிகளில் 5.1.2, 5.1.4 என்று போட்டிருப்பதில் முதல் இலக்கம் காது மட்டத்து ஸ்பீக்கர்கள், நடு இலக்கம் பாஸ் சத்தத்துக்கான சப்வூஃபர், கடைசி இலக்கம் மேலே இருப்பவை. சீலிங் ஸ்பீக்கருக்கு உரிய இடம் அந்தக் கடைசி இலக்கம் மட்டுமே. முன்பக்கத்து மூன்றும் ரீவியின் மட்டத்தில் இருக்கட்டும். பக்கத்துச் சரவுண்ட் இரண்டும் உட்காருபவரின் காதுக்குச் சற்றுப் பின்னால், காது உயரத்தில் அல்லது ஓரிரு அடி மேலே சுவரில் வரட்டும். சுவரே இல்லாத திறந்த ஹோல் என்றால் மட்டும் சரவுண்ட் இரண்டையும் சீலிங்குக்குக் கொண்டுபோகலாம். அதற்கும் முகப்பு சாய்வாக அமைந்த ஸ்பீக்கர்தான் வேண்டும்.

இனி சீலிங். கடைக்குப் போக முன் மேலே இருப்பது என்ன சீற் என்று தெரிந்துகொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அதுதான் தீர்மானிக்கிறது.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் தட்டை அஸ்பெஸ்டஸ் சீற்றை மரச்சட்டத்தில் அடித்து, பொருத்துகளின் மேல் மரச் சலாகை ஓட்டியிருப்பார்கள். அதில் துளை போடவே வேண்டாம். கிரைண்டரோ வட்ட வாளோ பட்டால் நார்த் தூசு ஹோல் முழுக்கப் பரவும், பல நாள் தங்கும். இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் 1987 இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் வெள்ளை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் உண்டாக்கக்கூடியதே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. புதிதாக வரும் அஸ்பெஸ்டஸ் கலக்காத சீமெந்து நார்ச் சீற்றும் பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருக்கும். சந்தேகம் என்றால் அஸ்பெஸ்டஸ் என்றே வைத்துக்கொள்ளுங்கள். "தண்ணி தெளிச்சு வெட்டினால் ஒன்றுமில்லை" என்று சொல்லும் வேலையாளுக்கு அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். அப்படிப்பட்ட ஹோலுக்குச் சிறிய பெட்டி ஸ்பீக்கர்களைச் சுவரின் உச்சியில், சீலிங்குக்குச் சற்றுக் கீழே, கொக்கி போட்டு இருக்கையை நோக்கிச் சாய்த்துப் பொருத்தினால் போதும். வயரையும் சீலிங்குக்கு மேலால் இழுக்காமல் சுவரோடு கேசிங்கில் கொண்டுபோங்கள்.

கொங்கிறீற் சிலாப் உள்ள மாடி வீட்டிலும் பதிக்க முடியாது, கீழே தனிச் சீலிங் போட்டால்தான் உண்டு. சாதாரண ஸ்பீக்கர் ஒன்றுக்கு நாலு முதல் ஐந்து அங்குல ஆழம் வேண்டும். சிலாப்புக்கும் சீலிங்குக்கும் ஆறு அங்குல இடைவெளி வைக்கச் சொல்லி, சட்டம் அடிக்க முன்பே வேலையாட்களிடம் பேசிவிடுங்கள்.

ஜிப்சம் போட் நல்லது. 9 மில்லிமீற்றராக இருந்தாலும் 12 ஆக இருந்தாலும் ஸ்பீக்கரைச் சீலிங்கில் கவ்வி நிறுத்தும் காதுக் கிளிப் ஒழுங்காகப் பிடிக்கும். பிளாஸ்ரிக் பனல் சீலிங்குக்கு அந்தப் பலம் இல்லை. உள்ளே பொள்ளலாக இருப்பதால் கிளிப்பை இறுக்கியதும் நசியும், பிறகு பாஸ் சத்தத்துக்குப் படபடவென்று அதிரும். பிளைவூட்டில் ஒரு வளையம் வெட்டி பனலின் மேல்பக்கம் வைத்து, கிளிப் அதைப் பிடிக்கும்படி செய்தால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டுக்கு இரண்டு அடி ஓடு மாதிரிப் போடும் சீலிங்கில் ஸ்பீக்கரின் பாரம் அந்த ஓட்டில் இருக்கக்கூடாது. குறுக்கே இரண்டு அலுமினியச் சட்டம் வைத்து, ஒரு கம்பியால் மேலே வளை மரத்திலும் கட்டிவிட வேண்டும்.

ஸ்பீக்கரைத் தெரிவுசெய்யும்போது அதிகம் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கோயில், பள்ளிவாசல், கடைத்தொகுதி அறிவிப்புகளுக்கு விற்கும் சீலிங் ஸ்பீக்கர் வெள்ளை மூடியோடு வட்டமாக, அழகாக, மலிவாக இருக்கும். அதன் பின்னால் ஒரு சிறு டிரான்ஸ்ஃபோமர் இருக்கும், 100 வோல்ட், 3 வாட்ஸ், 6 வாட்ஸ் என்று குறித்திருக்கும். அது நீண்ட தூர லைனுக்குச் செய்யப்பட்ட பொருள். 6 வாட்ஸ் முனையில் அதன் தடை ஏறக்குறைய 1,667 ஓம். 8 ஓமுக்கு 100 வாட்ஸ் கொடுக்கும் றிசீவர் (சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) உச்சத்தில் 28 வோல்ட் அளவுதான் தரும், ஆகவே அந்த ஸ்பீக்கருக்குப் போய்ச் சேருவது அரை வாட்டுக்கும் குறைவு. சத்தம் வரவில்லை என்று றிசீவரைத் திருத்தக் கொண்டுபோய்ப் பயனில்லை. டிரான்ஸ்ஃபோமரைக் கழற்றிவிட்டாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒற்றைக் கோன்தான் (அதிர்ந்து சத்தம் எழுப்பும் கூம்பு), உயர் சுருதிக்குத் தனி ட்வீட்டர் இருக்காது. வாங்கும்போது பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். 8 ஓம் என்று இருக்க வேண்டும், டிரான்ஸ்ஃபோமர் இருக்கக்கூடாது.

பெட்டியில் கொட்டை எழுத்தில் 300 வாட்ஸ், 500 வாட்ஸ் என்று போட்டிருப்பதைக் கணக்கிலெடுக்கத் தேவையில்லை. சென்சிட்டிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்கு ஒரு மீற்றர் தூரத்தில் வரும் சத்தம், எவ்வளவு என்று கேளுங்கள். 87 முதல் 90 டெசிபல் இருந்தால் சாதாரண றிசீவருக்குப் பொருத்தம். 3 டெசிபல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட்ஸ் வேண்டும்.

ஆறரை அங்குலமா, எட்டா? மேல் ஸ்பீக்கருக்கு ஆறரையே எங்கள் தெரிவு. பாஸ் எப்படியும் சப்வூஃபருக்குத்தான் போகிறது. கோன் பெரிதாகப் பெரிதாக மேல் சுருதிகள் நேர் கீழே குவியும், பக்கவாட்டில் உட்காருபவருக்கு மங்கிவிடும். ட்வீட்டர் நடுவில் இருந்து, விரலால் திருப்பக்கூடியதாக இருப்பது முக்கியம். கோனைச் சுற்றிய விளிம்பு றப்பராக இருக்கட்டும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தகரக் கூரைக்கும் அஸ்பெஸ்டஸ் கூரைக்கும் கீழே வரும் வெக்கையில் ஃபோம் விளிம்பு உதிர்ந்துபோகும். கோன் கடதாசியை விட பொலிபுரொப்பிலீன் நல்லது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் மூடி அலுமினியமா இரும்பா என்று ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு, வெள்ளைப் பூச்சைத் தாண்டித் துரு வெளியே வரும்.

எங்கே பதிப்பது என்பதைக் காது உயரத்திலிருந்து அளக்க வேண்டும். செட்டியில் உட்கார்ந்தால் காது நிலத்திலிருந்து சுமார் மூன்றரை அடி. சீலிங் ஒன்பதரை அடி என்றால் வித்தியாசம் ஆறடி. நாலு ஸ்பீக்கர் போடுபவர் காதுக்கு நேர் மேலுள்ள புள்ளியிலிருந்து ஆறடி முன்னுக்கும் ஆறடி பின்னுக்கும் குறித்தால் காதிலிருந்து ஸ்பீக்கருக்கு உரிய 45 பாகைக் கோணம் வந்துவிடும். இடது வலது இடைவெளி முன் ஸ்பீக்கர்களுடைய இடைவெளியளவு. சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளியிருக்கட்டும், மூலைக்குள் போனால் சத்தம் வீங்கும். எங்கள் ஹோல்களில் செட்டி பெரும்பாலும் பின் சுவரோடு ஒட்டியே கிடக்கும். அப்போது பின்னுக்கு இடமில்லை. நாலைத் திணிக்காமல் இரண்டு மட்டும், தலைக்கு மேலிருந்து ஓரடி ஒன்றரை அடி முன்னால் போடுங்கள். 12 அடி நீளத்துக்குக் குறைந்த ஹோலுக்கும் இரண்டு போதும்.

வெளிநாட்டு வழிகாட்டிகளில் அநேகமாகக் காணக் கிடைக்காத ஒன்று ஃபான். ஹோல் நடுவில் 56 அங்குல ஃபான் சுற்றினால் அதன் இலை நடுவிலிருந்து 28 அங்குலம் வரை எட்டும். ஸ்பீக்கருக்கும் காதுக்கும் இடையில் இலை வெட்டினால் சத்தம் நடுங்கும், வேகத்தைக் கூட்டினால் நடுக்கமும் கூடும். குறித்த இடத்திலிருந்து செட்டியில் காது உயரத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். ஃபானைக் கையால் மெதுவாகச் சுற்றும்போது இலை நூலில் பட்டால் இடத்தை மாற்றுங்கள். இலைக்கு நேர் மேலேயும் ஸ்பீக்கர் வரக்கூடாது. சீலிங் லைட்டுக்கு முதலில் இடம் குறித்துவிட்டு மிஞ்சிய இடத்தை ஸ்பீக்கருக்குக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. லைட்டை ஓரடி நகர்த்தினால் ஒருவருக்கும் தெரியாது, ஸ்பீக்கரை நகர்த்தினால் காதுக்குத் தெரியும்.

வயர் செம்பு இரட்டை வயர், 1.5 சதுர மில்லிமீற்றர். பதினைந்து மீற்றருக்கு மேல் ஓட்டம் என்றால் 2.5. பத்து மீற்றர் தூரத்துக்கு 1.5 வயரில் போய்வரும் தடை கால் ஓமை எட்டாது, 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டல்ல. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் தாராளமாக விற்பனையாகிறது. ஒரு இழையை பிளேட்டால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாக இருக்கும். அது மின்னைச் செம்பின் மூன்றில் இரண்டு பங்களவே கடத்தும், முறுக்கினால் ஒடியும், உப்புக் காற்றில் முனை வெளுத்துப் பொடியாகும். நல்ல செம்பாக இருந்தாலும் முனைகளுக்கு ஈயம் பிடித்து, ஸ்பீக்கர் பக்கத்து இணைப்பின் மேல் சூடாக்கினால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். மேலே 20 மில்லிமீற்றர் பிவிசி குழாய்க்குள் வயர் ஓடட்டும், எலியிடமிருந்து காக்க வேறு வழியில்லை. 230 வோல்ட் வயரோடு சேர்த்துக் கட்டாமல் ஓரடி விலக்கி, குறுக்கே போகவேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்க விடுங்கள்.

ஓட்டு வீடுகளில் பல அறைச் சுவர்கள் சீலிங் மட்டத்தோடு நின்றுவிடும், மேலே கூரைவெளி எல்லா அறைக்கும் பொது. பின்புறம் திறந்த ஸ்பீக்கரின் சத்தம் அதற்குள் இறங்கிப் படிக்கும் பிள்ளையின் அறைக்கும் போகும். 12 மில்லிமீற்றர் பிளைவூட்டில் உள்ளளவு 12 அங்குலம் நீளம், 12 அகலம், 10 உயரம் கொண்ட பெட்டி செய்து மேலே கவிழ்த்தால் ஏறக்குறைய 23 லீற்றர் கொள்ளளவு கிடைக்கும். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே எடுங்கள். மூலைகளுக்கு சிலிக்கன் பூசி, பாதியளவுக்கு கிளாஸ் வூல் தளர்வாக நிரப்புங்கள். பெட்டி மட்டும் சுமார் மூன்று கிலோ வரும், ஆகவே ஜிப்சத்தில் குந்த வைக்காமல் வளையிலிருந்து கம்பியால் தொங்கவிட வேண்டும். மாரியில் ஓடு ஒழுகினாலும், பல்லியும் குளவியும் குடியேற வந்தாலும் இதே பெட்டிதான் காப்பு. செலவைப் பார்த்து இதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். மலிவான ஸ்பீக்கரும் பெட்டியும், விலையான ஸ்பீக்கரும் பெட்டியில்லாமையும் என்று வந்தால் நாங்கள் முதலாவதையே எடுப்போம்.

துளை போடும்போது ஸ்பீக்கரோடு வரும் அட்டையை வைத்தே வட்டம் கீறுங்கள். ஆறரை அங்குலம் என்பது கோனின் அளவு, துளை எட்டு அங்குலத்துக்கு மேல் வரும். முதலில் நடுவில் ஒரு சிறு துளை போட்டு, வளைத்த கம்பியொன்றை உள்ளே விட்டுச் சுழற்றினால் சட்டம் குறுக்கே வருகிறதா என்று தெரியும். ஜிப்சத்துக்குக் கைவாள் போதும். கிளிப்பைக் கை ஸ்குரூ டிரைவரால் இறுக்குங்கள். மெஷின் டிரைவர் பிடித்தால் ஒன்று கிளிப் உடையும், அல்லது போட் நொறுங்கும். மூடி போட முன் 1.5 வோல்ட் பட்டறியின் நேர் முனையை சிவப்பு வயருக்கும் எதிர் முனையைக் கறுப்புக்கும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள், கோன் வெளியே தள்ள வேண்டும். உள்ளே இழுத்தால் வயர் மாறியிருக்கிறது. இரண்டில் ஒன்று மாறியிருந்தாலும் மேலிருந்து வரும் சத்தம் இடமில்லாமல் அலையும்.

றிசீவரில் இரண்டு ஸ்பீக்கரை 'மேல் நடு' என்றும் நாலை 'மேல் முன்', 'மேல் பின்' என்றும் பதிய வேண்டும். தானாக அளக்கும் மைக்கைக் காது உயரத்தில் வைத்து, ஃபானும் ஏசியும் நிறுத்திவிட்டு ஓடவிடுங்கள். மாரியில் தவளை கத்தும் இரவு இதற்கு உகந்ததல்ல, பகலில் செய்யுங்கள். அளந்து முடிந்ததும் மேல் ஸ்பீக்கர்கள் 'பெரியது' என்று பதிவாகியிருந்தால் 'சிறியது' என்று மாற்றி, 100 ஹேர்ட்ஸில் வெட்டுங்கள், அதற்குக் கீழான பாஸ் சப்வூஃபருக்குப் போகும். ரீவியிலிருந்து சத்தத்தை றிசீவருக்கு எடுப்பவர் எச்டிஎம்ஐ வயரின் ஆர்க் (ARC) இணைப்பில் ஓடிடி படங்களின் அட்மோஸைப் பெறலாம், புளூரே தட்டின் முழுத் தரத்துக்கு அதன் மேம்பட்ட வகையான இ-ஆர்க் (eARC) வேண்டும். டிஷ் சனல்களில் பெரும்பாலும் ஸ்ரீரியோதான் வரும், அதை றிசீவர் மேலே பரப்பிக் கொடுக்கும், அவ்வளவே.

வெட்டியெடுத்த ஜிப்சம் வட்டங்களைக் குப்பையில் போட வேண்டாம். ஸ்பீக்கரை என்றாவது கழற்றினால், பின்னால் இரண்டு பலகைச் சலாகை வைத்து அதே துண்டைத் திருப்பிப் பொருத்தி, மேலே பூசிவிடலாம்.

ஒலி, மின்னிணைப்பு வேலையாட்கள் சிலர்,
கல்லடி, மட்டக்களப்பு.