மாதம் ஒரு நீல இன்ஹேலர்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். அம்மாவின் இழுப்புதான் கவலையாக இருக்கிறது. நீல இன்ஹேலர் மாதம் ஒன்று தீர்கிறது என்றால், 200 பஃப் கணக்கில் தினம் ஆறேழு அடிக்கிறார்கள். வருடத்தில் மூன்று தீர்ந்தாலே நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள்.

அந்த நீல இன்ஹேலரில் இருக்கும் சால்பூட்டமால் மூச்சுக்குழல் தசையைத் தளர்த்தி நாலைந்து மணி நேரம் தாங்கும். உள்ளே இருக்கும் வீக்கத்தை அது தொடாது. அதற்கு உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு வேண்டும். 2019-லேயே உலக ஆஸ்துமா வழிகாட்டி சால்பூட்டமாலைத் தனியாகக் கொடுப்பதைக் கைவிட்டுவிட்டது. புடசோனைடும் ஃபார்மோட்டிராலும் சேர்ந்த இன்ஹேலரைக் காலை மாலை எடுக்கலாமா, இழுப்பு வரும்போதும் அதையே அடிக்கலாமா என்று டாக்டரிடம் கேள். ஸ்டீராய்டு என்றதும் அம்மா பயப்படுவார்கள். மாதக்கணக்கில் மாத்திரையாக விழுங்குவதுதான் எலும்பையும் சர்க்கரையையும் பதம் பார்க்கும். இது மைக்ரோகிராம் கணக்கில் நேரே நுரையீரலுக்குப் போவது.

எந்த மருந்தானாலும் அடிக்கிற விதம் சரியாக இருக்க வேண்டும். அழுத்தும் விரலும் இழுக்கும் மூச்சும் சேராவிட்டால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். இந்த வயதில் அது சேராது, இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் பிளாஸ்டிக் குழாயான ஸ்பேசர் வாங்கிவிடு. இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, வாயைப் பொருத்தி, ஒரு பஃப் அடித்ததும் மெதுவாக ஆழமாக இழுத்துப் பத்து எண்ணும்வரை அடக்கட்டும். அரை நிமிடம் கழித்து அடுத்தது. இரண்டையும் சேர்த்து அடித்தால் பாதி ஸ்பேசரின் சுவரில் ஒட்டிப் போகும். ஸ்பேசரை வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் அலசி, துடைக்காமல் காற்றில் காயவிடு. துணி பட்டால் பிளாஸ்டிக்கில் மின்னூட்டம் ஏறி மருந்தை இழுத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும். பேச்சு வாக்கியமாக வராமல் திணறினால் எதற்கும் காத்திருக்காதே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

அப்பாவின் சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு, தியோஃபிலின் சேர்ந்த டெரிஃபிலின் ஓடுகிறது என்கிறாய். வேறு எதற்காவது சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் இதைச் சொல்லிவிடு. இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் தியோஃபிலின் ஏறி வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகும். பீடியை விட்டாலும் அளவு ஏறும், அப்போது டோஸைக் குறைக்க வேண்டி வரும். அதற்காக விடாமல் இருக்கக் கூடாது!

இன்னொன்று. அம்மா கண் பிரஷருக்குச் சொட்டு மருந்து போடுவதாக முன்பு எழுதியிருந்தாய். பாட்டிலில் டிமோலால் என்று இருக்கிறதா பார். கண்ணில் விடும் அந்தச் சொட்டே மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். இருந்தால் அடுத்த வேளை போடும் முன்பே கண் டாக்டருக்குப் போன் செய், மாற்றுச் சொட்டு இருக்கிறது. பார்த்ததும் எனக்கும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
ரவி