சங்கர் நாக் ஆண்டு: செயலாளர் அறிக்கை 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஓராண்டு முழுக்க ஒரே கலைஞரின் படங்களைப் பார்ப்போம் என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். பெங்களூரில் வாழும் நாம் இந்த மண்ணின் கலைஞரையே எடுப்போம் என்றதும் எல்லோரும் சொன்ன பெயர், கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக்.

முதலில் கிரீஷ் கர்னாட் இயக்கிய 'ஒந்தானொந்து காலதல்லி' (1978). மும்பை மராத்தி நாடக மேடையிலிருந்து வந்த இளைஞர், முதல் கன்னடப் படத்திலேயே இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். அடுத்து அவர் முதன்முதலில் இயக்கிய 'மிஞ்சின ஓட்ட' (1980). அன்று கொட்டிய மழையில் பாதிப் பேர் வரவில்லை.

'ஆட்டோ ராஜா' திரையிட்ட அன்று அரங்கு நிறைந்தது. ஆட்டோ ஓட்டும் நம் உறுப்பினர்கள் வண்டியோடு வந்தார்கள். ஒரு வண்டியின் பின்பக்கம் முழுவதும் சங்கரண்ணாவின் முகம். அதன் உரிமையாளர், அவர் இறந்த பிறகு பிறந்த பையன்!

'கீதா' (1981) படத்தில் 'ஜொதெயலி' பாட்டு வந்ததும் பாதி அரங்கு 'விழியிலே மணி விழியில்' என்று தமிழில் பாடியது. இளையராஜா அந்த மெட்டைப் பின்னர் 'நூறாவது நாள்' படத்தில் பயன்படுத்தியிருந்தார்.

என்னை உலுக்கியது 'ஆக்சிடென்ட்'. நடைபாதையில் தூங்குகிற ஏழைகள் மீது காரை ஏற்றிவிடுகிறான் அரசியல்வாதியின் மகன். வழக்கை அமுக்கப் பார்க்கிறார்கள். சங்கர் நாக் அதை வெளிக்கொண்டுவரத் துடிக்கும் பத்திரிகையாளர். தேசிய விருது பெற்ற இந்தப் படத்தை, சண்டைப் படங்களில் ஓயாமல் நடித்துக்கொண்டிருந்த காலத்திலேயே எடுத்தார் என்பதை உறுப்பினர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ஆண்டுச் சுற்றுலாவுக்கு ஆகும்பே சென்றோம். ஆர்.கே. நாராயணின் 'மால்குடி டேஸ்' கதைகளைத் தூர்தர்ஷனுக்காக அவர் படமாக்கிய ஊர். அந்தக் கதைகளின் சிறுவன் சுவாமியின் வீடாக வந்த தொட்டமனெ என்ற வீட்டின் திண்ணையில் மழை விடும்வரை உட்கார்ந்திருந்தோம். மரத்தூணைத் தடவியபடி ஓர் அம்மா, அந்தத் தொடருக்கு இசையமைத்த எல். வைத்தியநாதனின் 'தானா நா' மெட்டை முணுமுணுக்க, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். திரும்பும் வழியில் அரசாளு ரயில் நிலையத்தின் மால்குடி அருங்காட்சியகத்தையும் பார்த்தோம்.

கன்னடப் படங்களின் ஒலிப்பதிவுக்குச் சென்னைக்கு ஓட வேண்டியிருந்த காலத்தில் பெங்களூரிலேயே 'சங்கேத்' ஒலிப்பதிவுக்கூடம் அமைத்தவர் அவர். 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே அருகே கார் விபத்தில் இறந்தபோது வயது 35. நாடகத்துக்கென ஒரு நல்ல அரங்கு வேண்டும் என்ற அவர் கனவை மனைவி அருந்ததி நாக் 2004இல் ஜே.பி. நகரில் 'ரங்க சங்கரா'வாக நிறைவேற்றினார். அங்கே இரண்டு நாடகங்கள் பார்த்தோம். இனி ஆண்டுதோறும் போக வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

ராஜ்குமாரை வைத்து அவர் இயக்கிய 'ஒந்து முத்தின கதெ'க்கு நல்ல பிரதி கிடைக்காததால் திரையிட முடியவில்லை. வருத்தம்தான். வரவு செலவுகளைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் செப்டம்பர் 30 அவரது 35ஆம் நினைவு நாள். அன்று மாலை 6 மணிக்கு 'மிஞ்சின ஓட்ட' மீண்டும் திரையிடப்படும். மழை பெய்தாலும் குடையோடு வந்துவிடுங்கள்.

நன்றி.
செயலாளர்