வேலி இல்லாத மலையிலிருந்து

கம்பிரியா, இங்கிலாந்து
மே 9

கிறிஸ்துவுக்குள் அன்பான அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன். மே மாதம் பிறந்தும் இங்கே காலமையில் கையுறை வேண்டியிருக்கிறது. ஆனால் இரவு ஒன்பது மணிக்குத்தான் பொழுது படுகிறது. டிசம்பரில் பின்னேரம் நாலு மணிக்கே இருண்டுவிட்டதற்கு இப்போது வட்டியும் முதலுமாகத் திருப்பித் தருகிறார்கள் போல.

அடுத்த மாத வீட்டுக் கூட்டத்தில் யோவான் 10-ஆம் அதிகாரம் உங்கள் பங்கு என்றும், செம்மறியைப் பற்றி இங்கே உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்லியும் கேட்டிருந்தீர்கள். நம் பக்கத்தில் ஆடு என்றால் வெள்ளாடு. மட்டக்களப்புப் படுவான்கரையில் பட்டி என்றால் மாடும் எருமையும். வேதத்தில் வருகிற ஆட்டை மனதில் வைத்துக்கொண்டு நாம் வெள்ளாட்டைத்தான் பார்த்திருக்கிறோம். வெள்ளாடு தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். செம்மறி அப்படியில்லை. அதற்கு ஒவ்வொரு நாளும் ஒருவன் வேண்டும். சபையைக் கிறிஸ்து இன்றைக்கும் பராமரிக்கிறார் என்று நாம் சொல்வதன் பொருள் எனக்கு இங்கே அந்த ‘ஒவ்வொரு நாளும்’ என்பதில்தான் தெளிந்தது.

முதலில் மலையைச் சொல்கிறேன். மேலே வேலி கிடையாது. பல பண்ணைகளின் ஆடுகள் ஒரே மலையில் மேய்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு மந்தையும் தன் பகுதியை விட்டு அதிகம் விலகாது. இதை இங்கத்தைய ஆட்கள் ‘ஹெஃப்ட்’ என்கிறார்கள். தாய் ஆடு தன் குட்டியோடு முதல் கோடையில் மேய்கிறபோது எங்கே தண்ணீர், எங்கே காற்றுக்கு ஒதுங்கலாம், எது எல்லை என்பதையெல்லாம் குட்டி கூடவே நடந்து பழகிக்கொள்கிறது. அந்தக் குட்டி தாயாகும்போது தன் குட்டிக்குக் கொடுக்கிறது. பண்ணை கைமாறினாலும் பல இடங்களில் மந்தை அந்த நிலத்தோடேயே நிற்கும். புதிதாக வருகிறவன் மந்தையையும் சேர்த்தே பொறுப்பேற்கிறான். நம் மெதடிஸ்த சபையில் சில வருடத்துக்கு ஒருமுறை போதகர் மாறிப் போகிறார், சனம் அங்கேயே இருக்கிறது. அதுபோலத்தான்.

2001-இல் இந்த நாட்டில் காலிலும் வாயிலும் புண் வருகிற கால்-வாய் நோய் பரவியபோது ஆடு, மாடு, பன்றி எல்லாம் சேர்த்து 60 இலட்சத்துக்கும் மேல் கொன்றார்கள். கம்பிரியாவுக்குத்தான் அடி அதிகம். பிறகு காசு கொடுத்துப் புது ஆடு வாங்கலாம், ஆனால் மலையை அறிந்த ஆட்டை வாங்க முடியாது. தாய் போனால் அந்த அறிவும் போய்விடும். மந்தை போன மலைகளில் புது ஆட்டை விட்டுவிட்டு, ஆள் கூடவே நின்று, எல்லை தாண்டுகிறதை நாள்தோறும் திருப்பித் திருப்பிப் பழக்கவேண்டியிருந்தது. ஒரு கிழமை, ஒரு மாதத்தில் முடிகிற வேலையில்லை அது, வருடக்கணக்கு. சபையில் பாட்டி பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கிற ஜெபத்தை நாம் சின்ன விஷயமாக நினைக்கிறோம். வேலியில்லாத இடத்தில் மந்தை நிற்பது அதனால்தான்.

குறியும் உண்டு. நீங்கள் மாட்டுக்குக் குறி சுடுகிறமாதிரி இங்கே காதில் வெட்டும், கம்பளியில் நிறமும். எந்தப் பண்ணைக்கு எந்தக் குறி என்று ஒரு புத்தகமே அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். வழிதவறி அடுத்த மலையில் கலந்த ஆட்டை இலையுதிர் காலத்தில் மேய்ப்பர்கள் கூடி உரியவனிடம் ஒப்படைக்கிறார்கள். ‘கர்த்தர் தம்முடையவர்களை அறிவார்’ என்கிற 2 தீமோத்தேயு 2:19-ஐ இதோடு சேர்த்து வாசியுங்கள்.

இனி குட்டி போடுகிற காலம். மலைப் பண்ணைகளில் அது ஏப்ரல் நடுவில் தொடங்கி மே வரை. சினை ஐந்து மாதத்துக்குச் சில நாள் குறைவு, 147 நாள் என்று கணக்கு வைக்கிறார்கள். குட்டி விழுந்ததும் தொப்புள்கொடியை அயடினில் முக்கவேண்டும், பிறகு கடும்புப்பால், அதாவது ஈன்றவுடன் சுரக்கிற முதல் பால். கன்றுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. குட்டிக்கு அளவு இதுதான்: உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிலீட்டர், முதல் ஆறு மணித்தியாலத்துக்குள். நாலு கிலோக் குட்டியென்றால் 200 மில்லிலீட்டர். முதல் நாள் முழுவதற்கும் கிலோவுக்கு 200. குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது நோயெதிர்ப்புச் சத்து அதற்கு வராது, கடும்புப்பாலில்தான் வரும். ஒரு நாள் கழிந்தால் குடல் அதை உறிஞ்சாது. பிறகு எத்தனை போத்தல் கொடுத்தும் பயனில்லை.

குளிரில் விறைத்த குட்டியிடம்தான் புதியவர்கள் பிழை விடுகிறார்கள். நல்ல குட்டியின் உடல்சூடு 39-க்கும் 40 பாகைக்கும் இடையில் இருக்கும். 37-க்குக் கீழே போய்விட்ட குட்டியைக் கண்டால் யாருக்கும் முதலில் தோன்றுவது நெருப்புக்குப் பக்கத்தில் வைப்பதுதான். பிறந்து ஐந்து மணித்தியாலம் ஆகாத குட்டியென்றால் அது சரி: ஈரம் துடைத்து, சூடாக்கி, பிறகு பால். ஐந்து மணித்தியாலம் தாண்டியிருந்தால் அதே சூடு அதைக் கொன்றுவிடும். பிறக்கும்போது இருந்த கொழுப்பு அதற்குள் எரிந்து தீர்ந்திருக்கும், இரத்தத்தில் சீனி இராது. சூடு ஏற ஏற உடல் வேலை செய்யப் பார்க்கும், எரிக்க ஒன்றும் இல்லாமல் வலிப்பு வந்து செத்துப்போகும். ஆகவே முதலில் வயிற்றறைக்குள் குளுக்கோஸ் ஊசி, பிறகுதான் சூடு. தலையைத் தூக்க முடியாத குட்டிக்குக் குழாய் வழியாகப் பால் விடவும் கூடாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். தலை நிமிர்ந்த பிறகே பால்.

இதைத் தெரிந்துகொண்டு யோவான் 21-ஐ வாசித்துப் பாருங்கள் அப்பா. மூன்றுமுறை மறுதலித்த பேதுரு இரா முழுவதும் வலைபோட்டு ஒன்றும் படாமல் வருகிறான். கரையில் கரிநெருப்பும், அதின்மேல் மீனும், அப்பமும். ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்பது 12-ஆம் வசனம். ‘நீ என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா’ என்பது 15-ஆம் வசனத்தில், அதுவும் அவர்கள் போஜனம்பண்ணின பின்பு என்று யோவான் எழுதிவைத்திருக்கிறார். கேள்வியை ஆண்டவர் விட்டுவிடவில்லை, மூன்றுதரம் கேட்டார், பேதுரு துக்கப்படும்வரை கேட்டார். ஆனால் வெறுவயிற்றில் கேட்கவில்லை. நம் சபைகளில் ஆறு மாதம் வராமலிருந்து வருகிற ஒருவனிடம் வாசலிலேயே ‘ஏன் வரவில்லை’ என்கிறோம். கேள்வி சரிதான், முறைதான் பிழை.

அதே இடத்தில் இன்னொன்று. தமிழில் மூன்றுதரமும் ‘மேய்ப்பாயாக’ என்றே இருக்கிறது. கிரேக்கத்தில் முதலும் மூன்றாவதும் தீன் கொடு என்கிற சொல். நடுவில் உள்ளதுதான் மேய்ப்பனுடைய முழு வேலையையும் குறிக்கிற சொல். ‘என் ஆடுகள்’ என்ற ‘என்’ மட்டும் மூன்றிலும் மாறவில்லை. பேதுருவுக்கு வேலை கொடுத்தார், மந்தையை எழுதிக் கொடுக்கவில்லை. பேதுருவும் அதை மறக்கவில்லை. தன் முதலாம் நிருபத்தில் மூப்பர்களுக்குப் புத்தி சொல்லிவிட்டு, ஆண்டவரைப் ‘பிரதான மேய்ப்பர்’ என்கிறார். அதற்கு முன்பே 2:25-இல் ‘மேய்ப்பரும் கண்காணியுமானவர்’ என்றும் சொல்லியிருக்கிறார்.

மல்லாந்து கிடக்கிற ஆட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். முதுகு அகன்ற, கம்பளி நனைந்த, வயிறு பெருத்த சினையாடு ஒரு சின்னப் பள்ளத்தில் புரண்டால் தானாக எழும்பாது. மாட்டைப்போல அசைபோடுகிற பிராணிதானே, வயிற்றில் வாயு உண்டாகிக்கொண்டே இருக்கும். மல்லாந்து கிடக்கையில் ஏப்பம் வராது. வயிறு ஊதி நுரையீரலை அழுத்தும். சில மணித்தியாலத்தில் உயிர் போய்விடும். அதற்கு முன்பே காகம் கண்ணைக் கொத்த வந்துவிடும். நோயில்லை, காயமில்லை, புல்லின் நடுவிலேயே சாகிறது. இதற்கு மருந்து ஒருவன் நடந்து போய்ப் பார்ப்பது மட்டுந்தான். தினமும் எண்ணுவது இதற்காகத்தான். எண்ணிக்கையில் ஒன்று குறைந்தால் அது ஓடிப்போனது என்று நினைக்கக்கூடாது, எங்கோ காலை மேலே போட்டுக்கொண்டு கிடக்கும்.

தூக்கி நிறுத்துவது கஷ்டமில்லை. பக்கவாட்டில் உருட்டி, கம்பளியைப் பிடித்து நிமிர்த்தலாம். நிறுத்திய உடனே கையை விடுவதுதான் பிழை. காலில் உணர்வு இராது, தள்ளாடி அதே பள்ளத்திலேயே விழும். முழங்காலுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிடம் நிற்கவேண்டும், ஏப்பம் விடும்வரை, தானாக ஒரு காலை எடுத்து வைக்கும்வரை. யூதா தன் நிருபத்தின் முடிவில் ‘வழுவாதபடி உங்களைக் காக்கவும்’ வல்லவர் என்கிறாரே, எனக்கு அது இந்த முழங்கால் பிடியாகத்தான் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை எழுப்பிவிட்டுத் திங்கட்கிழமை கையை விடுகிற பராமரிப்பு அவருடையதல்ல.

குளம்பு அழுகலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன்பெல்லாம் நொண்டுகிற ஆட்டைப் பிடித்ததும் கத்தியால் குளம்பை இரத்தம் வருமட்டும் சீவினார்கள். அப்படிச் சீவுவது ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது என்று வார்விக் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. இப்போது கிருமிக்கு ஊசியும் மேலே மருந்துத் தெளிப்பும்தான், கத்தி இல்லை. பெரும்பாலானவை பத்து நாளுக்குள் சரியாக நடக்கின்றன. நொண்டியைக் கண்ட அன்றே பிடிக்கவேண்டும் என்பது மட்டும் மாறவில்லை. லவோதிக்கேயா சபையைக் கடிந்துகொண்டவர் அடுத்த வசனத்தில் அதே சபையின் வாசற்படியில் நின்று தட்டுகிறார். கடிந்துவிட்டுப் போய்விடவில்லை.

குட்டி ஓடாமலிருக்க மேய்ப்பன் அதன் காலை முறித்துத் தோளில் சுமப்பான் என்று ஒரு பிரசங்கக் கதை உலவுகிறதே, தயவுசெய்து அதைக் கூட்டத்தில் சொல்லவேண்டாம். வேதத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. மலையில் காலை முறித்த ஆடு மேயாது, நோய்ப்படும், அதைச் சுமக்கிறவனால் மற்றதைப் பார்க்க முடியாது. புத்தியுள்ள எவனும் செய்யமாட்டான். எசேக்கியேல் 34:4-இல் எலும்பு முறிந்ததைக் காயங்கட்டாத மேய்ப்பர்கள்மேல்தான் கர்த்தர் கோபப்படுகிறார். காலை முறிக்கிறவனை நல்ல மேய்ப்பன் என்பது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு வித்தியாசத்தையும் கவனியுங்கள். இங்கே நாய் பின்னாலிருந்து விரட்டும், நம் ஊரில் மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் பட்டியைக் கொண்டுபோகிறவனும் மாட்டுக்குப் பின்னால்தான் நடப்பான். யோவான் 10:4-இல் மேய்ப்பன் முன்னே நடக்கிறான், ஆடு சத்தத்தை அறிந்து பின்னே வருகிறது. ஆகவே இங்கத்தைய மேய்ச்சலை அப்படியே வசனத்துக்குள் திணிக்கவும் கூடாது. நான் எழுதுகிறதிலும் எது பொருந்தும், எது பொருந்தாது என்று நீங்கள்தான் பிரிக்கவேண்டும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். ‘அவர் பராமரிக்கிறார் என்றால் நம் சபைகளுக்கு நடந்ததெல்லாம் என்ன?’ என்று கூட்டத்தில் யாராவது கேட்பார்கள் என்கிறீர்கள். கேட்கத்தான் வேண்டும். 2004 டிசம்பர் 26-இல் கடல் வந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுந்த ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்துச் சிறுபிள்ளைகள் போனார்கள். இதற்குச் சமாதானம் சொல்லும் வசனத்தை நான் தேடவில்லை, நீங்களும் தேடவேண்டாம். யோவான் 10-இல் ஓநாய் வராது என்று ஆண்டவர் சொல்லவில்லை, வருகிறதை 12-ஆம் வசனத்திலேயே சொல்லிவிடுகிறார். ஓநாயைக் கண்டு ஓடுகிறவன் யார், ஓடாதவன் யார் என்பதுதான் அங்கே பேச்சு. ஓடாத மேய்ப்பன் ஜீவனைக் கொடுக்கிறான். மறுபடியும் எடுத்துக்கொள்ளவும் எனக்கு அதிகாரம் உண்டு என்று 18-இல் சொல்கிறார். செத்துப்போன மேய்ப்பனால் மந்தைக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டால், எபிரெயர் 7:25 பதில் சொல்கிறது: வேண்டுதல்செய்யும்படிக்கு அவர் எப்பொழுதும் உயிரோடிருக்கிறார்.

மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் 1814-இல் மட்டக்களப்புக்கு வந்தார், 1815-இலேயே மரித்துப்போனார். ஒரு வருடம்கூட முழுதாக இல்லை. மனிதக் கணக்கில் அது அங்கேயே முடிந்திருக்கவேண்டிய வேலை. ‘இயேசுகிறிஸ்து நேற்றும் இன்றும் என்றும் மாறாதவராயிருக்கிறார்’ என்று நம் வீட்டுக் கலண்டரில் இருக்கிறதே, அது எபிரெயர் 13:8. அதற்கு முந்தின வசனத்தைக் கலண்டரில் போடுவதில்லை. அது தேவவசனத்தைப் போதித்து நடத்தினவர்களை நினைத்து, அவர்களுடைய நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்திக்கச் சொல்கிறது. நடத்தினவர்கள் போய்விட்ட சபைக்குத்தான் எட்டாம் வசனம் எழுதப்பட்டது. அதே அதிகாரத்தின் 20-இல் அவரை ‘ஆடுகளுடைய பெரிய மேய்ப்பர்’ என்கிறது. கூட்டத்தில் 7, 8, 20 மூன்றையும் ஒன்றாக வாசிக்கச் சொல்லுங்கள். யோவான் 10-ஐ அதற்குப் பிறகு எடுத்தால் நல்லது.

காசு போன கிழமை அனுப்பினேன், வந்து சேர்ந்ததா என்று எழுதுங்கள். இரண்டு கறவைக்கும் மடிவீக்கம் என்று அம்மா சொன்னா, வீக்கம் இறங்கும்வரை ஒவ்வொரு தடவையும் காம்பை ஒட்டக் கறந்துவிடச் சொல்லுங்கள், பால் உள்ளே தங்கக்கூடாது. மிருக வைத்தியரிடம் ஊசி போட்டால் அவர் சொன்ன நாள்வரை அந்தப் பாலைத் தயிருக்குப் போடவேண்டாம், உறையவும் மாட்டாது.

உங்கள் அன்பு மகன்